துண்டுக்குள் வலது கை

கொடைக்கானலில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் என் அறைக்குப் "பொம்மை ரூம்" என்று பேர். வாசலில் "ஆக்குபேஷனல் தெரபி" என்று போர்டு தொங்கத்தான் செய்தது. அது யார் வாயிலும் நுழையவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் மரக்கட்டை, கலர் மணி, ஆணி செருகுகிற பலகை, பித்தான் தைத்த துணி. பொம்மை ரூம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்?

பக்கவாதம் வந்தவர்களும், மரத்திலிருந்து விழுந்து கை போனவர்களும் என்னிடம் வருவார்கள். ஒருத்தர் தினமும் செய்கிற காரியங்களை வைத்தே அவரைத் தேற்றி, அந்தக் காரியங்களுக்கே திருப்பி அனுப்புவதுதான் எங்கள் படிப்பு. சாப்பிடுவது, சட்டை போடுவது, பிழைப்புக்கான வேலை, எல்லாம் இதில் சேர்த்தி. கேட்க அருமையாக இருக்கிறதல்லவா? நானும் அப்படித்தான் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு முப்பது வயது. பம்பாய் வரைக்கும் போய் முதுகலை படித்துவிட்டு ஊருக்கே திரும்பியிருந்தேன். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தார். அண்ணன் ஒரு ஹோட்டலில் மேனேஜர். என் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தாலே அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிடும். அமெரிக்காவில் இந்தப் படிப்பிலேயே டாக்டர் பட்டம் வாங்கலாம் என்று நான் சொன்ன அன்றைக்குச் சோற்றுத் தட்டை வைத்துவிட்டே சிரித்தான்.

"பொம்மை வச்சு வெளையாடுறதுக்கு டாக்டர் பட்டமா? நல்லாருக்கே கதை!"

நான் முன்கோபக்காரி. எழுந்து போய்விட்டேன். அன்று ராத்திரியே விண்ணப்பத்தாள் கேட்டுக் கடிதம் எழுதினேன். ஆசை பாதி, வீம்பு பாதி. வீம்புதான் கூட என்று இப்போது தோன்றுகிறது.

விண்ணப்பத்தாள் வந்தது. மதிப்பெண், சான்றிதழ் எல்லாம் சரி. கடைசிப் பக்கத்தில் ஒன்று கேட்டிருந்தார்கள். ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, அவர் உங்களிடம் வந்த நாளிலிருந்து தன் வாழ்க்கைக்குத் திரும்பிய நாள் வரை முழுக்க எழுதுங்கள். அதை வைத்துத்தான் இடம். கட்டுரை போய்ச் சேர எனக்குப் பத்து வாரம் இருந்தது. கப்பலேறாமல் விமானத் தபாலில் போனாலும் இரண்டு வாரம் பிடிக்கும். ஆக, எட்டு வாரம்.

அந்த வாரம்தான் தரகரைக் கொண்டுவந்தார்கள்.

ஒட்டன்சத்திரம் பக்கத்து மாட்டுத் தரகர் அவர். அறுபது வயதிருக்கும். மகளை மலைமேல் பூண்டி கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். மகளைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, ஒரு ஜோடிக் காளையை விலை பேசின மாதிரியும் ஆச்சு என்று மலையேறி வந்தவர், வெள்ளைப்பூண்டுக் காட்டு வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். பூண்டு லாரியில் மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்துத்தான் மகள் கொண்டுவந்து சேர்த்தாள். வலது காலும் வலது கையும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் தப்பியது. அதற்கும் சேர்த்துத்தான் பேசினாரோ என்னவோ, வார்டே அவர் வாயால்தான் நிறைந்திருக்கும்.

கட்டிலில் கம்பளிக்கு மேலேயும் தோளில் ஒரு துண்டு கிடக்கும். நர்ஸ் எடுத்து மடித்து வைத்தால் கத்துவார். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போனதும் பக்கத்துக் கட்டில்காரருக்கு இவர் தனியாக ஒரு ரவுண்ட்ஸ் நடத்துவார். "நீ பொழச்சுக்குவ. டாக்டர் மொகத்தப் பாத்தேன். மொகத்தப் பாத்தாலே வெலை சொல்லிருவேன் நானு." சொன்னபடிதான் பெரும்பாலும் நடந்தது.

என்னை முதலில் பார்த்ததும், "என்ன தாயி, காலையில சாப்பிடாம வந்துட்டியா? மொகம் வாடிக் கெடக்கு" என்றார். சாப்பிடாமல்தான் வந்திருந்தேன்.

நோயாளி வந்ததும் நான் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு. தொழில் என்ற இடத்தில் மாட்டுத் தரகு என்று எழுதினேன். அடுத்த கேள்வி, அந்தத் தொழிலில் கை என்ன செய்கிறது என்பது. அதை அவரிடம் கேட்க வேண்டும். விவசாயி என்றால் மண்வெட்டி எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்பேன். தையல்காரர் என்றால் துணியையே கொடுத்துப் பார்ப்பேன். தரகரிடம் கேட்கவில்லை. தரகுதானே, வாய் வேலை. இதில் கேட்க என்ன இருக்கிறது? 'முக்கியமாகப் பேச்சு' என்று நானே எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் சொல்லத்தான் செய்தார். "வலது கைதான் தாயி எனக்குச் சோறு போடுறது. அத மட்டும் மீட்டுக் குடுத்துரு."

எல்லா நோயாளியும் சொல்கிற வார்த்தைதானே என்று தலையை ஆட்டினேன்.

மூன்றாவது வாரம் அவர் வலது பெருவிரல் அசைந்தது. மேஜையில் கையை வைத்து மணியைத் தொடச் சொல்லிக்கொண்டிருந்தேன். விரல் துடித்து நின்றது. மறுநாள் ஆள்காட்டி விரலும் லேசாக. இப்படி வருகிற கை மீளும். தினமும் ஒரு மணி நேரம் விடாமல் உழைத்தால் ஆறு மாசம், ஒரு வருஷத்தில் ஓரளவு பிடிப்பு வந்துவிடும். படித்தவள், எனக்குத் தெரியும். அந்த விரலைப் பார்த்து அவர் குழந்தை மாதிரிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று சாயங்காலம் காலண்டரைப் பார்த்தேன்.

மிச்சம் ஐந்து வாரம். ஆறு மாசத்துக் கையை ஐந்து வாரத்துக் கட்டுரைக்குள் எப்படி அடைப்பது? பாதியில் நிற்கிற கதையை எந்தப் பல்கலைக்கழகம் எடுக்கும்? இடது கை நன்றாக இருந்தது. இடது கையால் சாப்பிட, சட்டை போட, பித்தான் மாட்டப் பழக்கினால் ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். கடிகாரம் வைத்து அளக்கலாம். முதல் நாள் இத்தனை நிமிஷம், கடைசி நாள் இத்தனை நிமிஷம் என்று அழகாகக் கோடு போட்டுக் காட்டலாம். புத்தகத்தில் அதற்கும் இடம் இருந்தது. நான் செய்ததில் குற்றம் என்று எந்த டாக்டரும் சொல்லியிருக்க மாட்டார். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

மறுநாள் அவர் வலது கையைத் துணியில் போட்டுக் கழுத்தோடு கட்டினேன். இடது கையில் கரண்டியைக் கொடுத்தேன்.

அவர் கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பீச்சாங்கையிலயா தாயி? சோறா?"

நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எந்தப் பிள்ளையாவது இடது கையால் காணிக்கை போட்டால் கையைத் தட்டிவிட்டு மாற்றிப் போடச் சொல்கிறவள். என் அம்மா இடது கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டாள். அப்படிப்பட்டவள் அந்தப் பெரியவரிடம் நின்றுகொண்டு, "அதெல்லாம் பழைய காலம் ஐயா, வெள்ளைக்காரங்க எல்லாம் எந்தக் கையிலயும் சாப்பிடுறாங்க" என்று பாடம் நடத்தினேன். அடச்சீ! இதை எழுதும்போதும் கூசுகிறது.

இரண்டு நாள் அவர் சாப்பிடவே இல்லை. மகள் ஊட்ட வந்தாள். அவளை நான் வெளியே அனுப்பினேன். "ஊட்டிக்கிட்டே இருந்தா எப்பம்மா அவரு தன் கையால சாப்பிடுறது?" என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். "சரிங்க சிஸ்டர்" என்று போய் வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். நர்ஸ் இல்லாத என்னை ஊரே சிஸ்டர் என்று கூப்பிடுவதில் எனக்கு எப்போதும் எரிச்சல். அன்றைக்கு அதையும் சேர்த்துத்தான் கத்தினேன்.

மூன்றாவது நாள் தரகர் என்னைக் கூப்பிட்டார். வார்டுப் பையன்களோ ஆயாவோ யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நீ அமெரிக்காவுக்குப் பரிச்சை எழுதுறியாமே. என்னைய வச்சுத்தான் எழுதுறியாம்."

கரண்டியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"அத முன்னாடியே சொல்றதுக்கென்ன? கொண்டா அந்தக் கரண்டிய. என்னால ஒரு பொம்பளப் பிள்ளை பெயிலாக வேணாம்."

சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். இடது கையால் சாப்பிட ஆரம்பித்தார். நான் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அந்த ஐந்து வாரமும் அவர் ஒரு நாள்கூட மற்றவர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடவில்லை. 'தனிமையை விரும்புகிறார்' என்று கட்டுரையில் ஒரு வரி எழுதினேன்.

கடைசி வாரம் சட்டை, வேட்டி, சாப்பாடு, கம்பு ஊன்றி நடை, எல்லாம் இடது கையிலேயே. கட்டுரை பன்னிரண்டு பக்கம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருவரிடம் டைப்ரைட்டரை இரவல் வாங்கி நானே அடித்தேன். கடைசி வரி எனக்கு மனப்பாடம். 'பெரும்பாலும் பேச்சையே நம்பியிருக்கும் தன் தொழிலுக்கு இவர் இப்போது திரும்ப முடியும்.' தபாலாபீஸில் ஸ்டாம்ப் ஒட்டும்போது ஏரிப் பக்கமிருந்து மூடுபனி வந்து கவரெல்லாம் நமுத்துவிட்டது. கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தேன்.

அவரை அனுப்பும்போது, மாசம் ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்றேன். இரண்டு தடவை வந்தார். அப்புறம் சொந்த ஊருக்கு இறங்கிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் ஆள் விட்டுக் கேட்கவில்லை. எனக்கு என் சோலி பெரிது.

ஏழெட்டு மாசம் கழித்து இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. உதவித்தொகையும் உண்டு. அண்ணன் சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அந்தக் கடிதத்தை ஒரு வாரம் பையிலேயே வைத்துச் சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தரகரின் மகள் பூண்டு விற்றுக்கொண்டிருந்தாள். அவளிடமும் காட்டினேன்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"இருக்காருங்க சிஸ்டர். வாராவாரம் மாட்டுச் சந்தைக்குப் போயிருவாரு."

பாருங்கள், என் மனசு எப்படித் துள்ளியது! தொழிலுக்குத் திரும்பிவிட்டார். நான் எழுதியது பலித்துவிட்டது. அவள் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம், "போயித்தான் பாருங்களேன்" என்று மட்டும் சொன்னாள்.

போனேன். நன்றி சொல்லப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் வெற்றியைக் கண்ணால் பார்த்துவிட்டு வரத்தான் போனேன். ஒரு கேக் டப்பாவோடு வெள்ளனே பஸ் ஏறினேன். பழனியில் மாறி, ஆயக்குடியில் ஏறின கொய்யாக் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டே போய்ச் சந்தையில் இறங்கினேன்.

மாட்டுச் சந்தையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கொடைக்கானல்காரிக்கு அங்கே என்ன வேலை? மாடு, சாணி, தூசி, கயிறு, சத்தம். ஆனால் விலை பேசுகிற இடத்தில் மட்டும் சத்தமே இல்லை. இரண்டு ஆட்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். இருவர் கைக்கும் மேலே ஒரு துண்டு. உள்ளே ஏதோ நடக்கிறது. ஒருவர் தலையை ஆட்டுகிறார், மற்றவர் கையை உதறுகிறார், மறுபடியும் துண்டுக்குள் கை போகிறது. வாய் திறக்கவில்லை.

டீக்கடைக்காரரிடம், "அங்க என்ன பண்றாங்க?" என்று கேட்டேன்.

"வெலை பேசுறாங்க."

"பேசக் காணோமே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாயில சொன்னா சுத்தி நிக்கிறவன் கேட்டுற மாட்டானா? வெரலுதாங்க வெலை. எந்த வெரலப் பிடிக்கிறாக, எத்தனை வெரலப் பிடிக்கிறாக, அழுத்துறாகளா விடுறாகளா, அதான் கணக்கு. தரகனுக்குக் கைதானே எல்லாம்."

"எந்தக் கை?" என்று கேட்டேன்.

"இதென்னங்க கேள்வி! வலது கைதான். பீச்சாங்கைய நீட்டினா எவன் மாட்டை விப்பான்?"

தரகர் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மற்றத் தரகர்களின் செருப்பும் சாப்பாட்டுத் தூக்கும் அவரைச் சுற்றி இருந்தன. அதைப் பார்த்துக்கொள்வதுதான் இப்போது அவருக்கு வேலை. வாராவாரம் அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

"ஏலே, இங்க பாருங்கடா! எங்க டாக்டரம்மா! அமெரிக்கா போகுது! என்னைய வச்சுப் பாஸ் பண்ணுச்சு!"

ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். கேக் டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஏன் ஐயா நீங்க சொல்லவே இல்ல?"

"சொன்னேனே தாயி. வலது கைதான் சோறுன்னு சொன்னேன்ல."

தோளில் கிடந்த துண்டை இடது கையால் எடுத்து மடிமேல் விரித்தார். "கையக் குடு" என்றார். துண்டுக்குள் என் கையை நீட்டினேன். அவர் வலது கை என் விரல்களைத் தேடி வந்தது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் என் விரலைப் பிடித்து அழுத்தின. நிஜமாகவே அழுத்தின.

"கழுத்துக்கட்ட அவுத்ததுல இருந்து நானா பழகுறேன். ரெண்டு வெரலு வந்துருச்சு. மூணாவதுதான் அழிச்சாட்டியம் பண்ணுது. அது வந்துட்டா நான் வெலை பேசிருவேன். வருமா தாயி?"

வரும். யாராவது தினமும் கூட உட்கார்ந்தால் வரும். அந்த மலையிலும் மலையடியிலும் இந்தப் படிப்புப் படித்தவள் நான் ஒருத்திதான். எனக்கு விமானம் மூன்று வாரத்தில். ஒரு வருஷம் தள்ளிப் போட முடியுமா என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை. இடம் போய்விடுமோ என்று பயம். அண்ணன் மறுபடி சிரிப்பானோ என்று அதைவிடப் பயம்.

"வரும் ஐயா," என்றேன். "நான் திரும்பி வந்ததும் பாப்போம்."

"அது போதும். வெரசா வந்துரு."

அமெரிக்காவில் முதல் நாள் வகுப்பு. எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். விண்ணப்பத்தில் எழுதின நோயாளியைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்றார் பேராசிரியை. நான் சொன்னேன். ஊரில் இல்லாத தைரியம் இங்கிலீஷில் வந்தது. முடித்ததும் எதிரில் இருந்த ஒரு பெண் கேட்டாள். "அவர் தொழிலில் கைக்கு என்ன வேலை?"

நான் கேட்காமல் விட்ட கேள்வி. ஏழு கடல் தாண்டி வந்து என் எதிரே உட்கார்ந்திருந்தது. பதில் எனக்குத் தெரியும். என் விரலில் அந்த அழுத்தம்கூட மறக்கவில்லை. அந்த நேரத்தில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. அந்தப் பேராசிரியை பாராட்டியிருந்தாலும் பாராட்டியிருப்பார்.

"கைக்கு வேலை இல்லை. அவர் பேசுவார், அவ்வளவுதான்," என்றேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

ஐந்து வருஷம் ஆயிற்று. பட்டம் வாங்கித் திரும்பினேன். பொம்மை ரூம் போர்டில் என் பேருக்கு முன்னால் டாக்டர் என்று எழுதினார்கள். போய் அவரைப் பார்க்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். இந்த வாரம் மழை, அடுத்த வாரம் மீட்டிங் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைப் பக்கமே போகவில்லை.

அவரே வந்துவிட்டார். ஒரு நாள் காலை பூண்டி பஸ்ஸில் மகளோடு இறங்கி, கம்பை ஊன்றிக்கொண்டு, யாரிடமும் சீட்டு வாங்காமல் நேரே என் அறைக்கு. ரொம்ப இளைத்திருந்தார். மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். வலது கையை இடது கையால் தூக்கி மேஜைமேல் வைத்து, அதன்மேல் துண்டை விரித்தார்.

"வந்துட்டியா தாயி? பாப்போம்னு சொன்னியே. ஆரம்பிப்போமா?"

துண்டுக்குள் என் கையை விட்டேன். பெருவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது. அதன்மேல் மற்ற விரல்கள் இறுகிக் கிடந்தன. அன்று என்னைப் பிடித்த இரண்டு விரலும் சேர்ந்துதான். ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. ஐந்து வருஷம் படித்தவள், தொட்டதுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் தேடிக்கொண்டே இருந்தேன். கையை வெளியே எடுத்தால் ஏதாவது சொல்ல வேண்டுமே.

"ஆரம்பிப்போம் ஐயா," என்றேன். "கொஞ்ச நாளாகும். ஆனா…"

அவர் என் கையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடு தாயி. துண்டு கையத்தான் மூடும். மொகத்த மூடாது."

துண்டை எடுத்து இடது கையாலேயே உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மகளைப் பார்த்து, பூண்டிக்குத் திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.